அலமாரிக்குள் ஒரு தெரு

திருகாணி பலகையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

மூத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பால்கனியின் ஒரு மூலையை அடைத்துக் கட்டிய அலமாரி அது. இரண்டு பேர் தாராளமாக உள்ளே நிற்கலாம். ஆனால் தெருப் பக்கம் இருப்பது வெறும் பிளைவுட். தச்சர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்ததில் பொறுமை போய், தானே டிரில்லைத் தூக்கியதற்கு இது தேவைதான்.

தட்டு அடிக்காமல் விடவும் முடியாது. இனி இடப்பக்கத் தட்டுகள் அவளுக்கு, வலப்பக்கத் தட்டுகள் அவள் கொழுந்தன் பெண்டாட்டிக்கு. இஸ்திரி போட்ட துணி மேல் ஈரத் துண்டைப் போட்டது யார் என்று இந்த அலமாரிக்கு முன்னால்தான் சண்டை தொடங்கியது. மழைக்காலத்தில் நின்ற பேச்சு, வெயில் வந்தும் திரும்பவில்லை.

பெண்கள் பேசாவிட்டால் போகட்டும். ஆண்களும் அல்லவா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்! நகமும் சதையுமாக இருந்த அண்ணனும் தம்பியும் இப்போது ஒரே மேசையில் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். இப்படியே போனால் தம்பி வேறு வீடு பார்த்துவிடுவான். ஒரு துண்டுக்காக இரண்டு பேரையும் பிரித்துவிட்டோமே என்று மூத்தவள் தன்னையே நொந்துகொண்டாள். இறங்கிப் போய்ப் பேசவோ வாய் வரவில்லை. தட்டு பிரிந்தாலாவது வீடு பிரியாமல் இருக்கட்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினாள்.

திருகாணியைக் கழற்றினாள். வேறு எங்காவது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க, உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தினாள்.

கும்மிருட்டு.

பிறகு எதிர்ச்சுவரில் ஏதோ அசைந்தது.

வெள்ளையடித்த அந்தச் சுவரில் தெரு இருந்தது. தலைகீழாக. அத்தனை வண்ணங்களோடும்.

கீழே நீல வானம். மேலே சாலை. எதிர்வீட்டு மரம் கிளைகளைக் கீழே தொங்கவிட்டுச் சத்தமில்லாமல் ஆடியது. சைக்கிளில் ஒருவர் தலைகீழாகவே போனார், விழவில்லை.

மூத்தவள் மூச்சுவிட மறந்தாள். கையை நீட்டினாள். ஒரு சிவப்பு பஸ் அவள் உள்ளங்கையில் ஏறி, விரல்களைத் தாண்டி இறங்கிப் போயிற்று. உடம்பெல்லாம் புல்லரித்தது.

இத்தனை வருஷமாகத் துணியை அடுக்கி அடுக்கி மூடிய இருட்டு. ஒரு சின்ன ஓட்டைக்காகவா இது காத்துக்கொண்டிருந்தது!

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலையே வெடித்துவிடும். கதவைத் திறந்து கத்தினாள்.

“ஏய், ஓடி வா! இங்க வந்து பாரேன்!”

கத்திய பிறகுதான் யாரைக் கூப்பிட்டோம் என்பது உறைத்தது. அதற்குள் இளையவள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். டிரில்லில் கையைக் கிழித்துக்கொண்டாள் என்று நினைத்திருப்பாள் போல, முகம் வெளுத்திருந்தது.

மூத்தவள் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். இளையவள் இருட்டில் துழாவி ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது சுவரின் ஓரத்தில் இரண்டு சட்டைகள் நடந்து வந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று கட்டம் போட்டது. கட்டம் போட்டது மஞ்சளின் தோளில் கை போட்டிருந்தது. இரண்டு பேர் கையிலும் ஐஸ்கிரீம். ஏதோ சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சட்டைகளைக் காலையில் தேய்த்துக் கொடுத்ததே இவர்கள் இரண்டு பேரும்தான்.

“அக்கா... இவங்க நம்மவங்கதானே?”

மரத்தடிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டார்கள். மஞ்சள் சட்டை மட்டும் வீட்டைப் பார்த்து நடந்தது. கட்டம் போட்டது அங்கேயே நின்று, முன்னால் போகிறவர் உள்ளே போய்ச் சேரட்டும் என்று காத்திருந்தது.

மூத்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்டாட்டிகள் மனம் கோணக்கூடாது என்று, இந்த இரண்டு தடியன்களும் தினம் தினம் அந்த மரத்தடியில் வைத்துத்தான் சண்டைக்காரர்கள் ஆகியிருக்கிறார்கள்.

அழைப்பு மணி அடிப்பதற்குள் இளையவள் சமையலறைக்குப் பறந்துவிட்டாள்.

மூத்தவளின் கணவர் வழக்கம்போல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். மீசை ஓரத்தில் கொஞ்சம் ஐஸ்கிரீம் ஒட்டியிருந்தது. சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டி, ரகசியக் குரலில் கேட்டார்.

“அவ ஏதாவது பேசினாளா?”

“அவளாவது, பேசறதாவது!” என்றாள் மூத்தவள், அவரைவிட ஒரு படி மேலாகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.