ஆறாம் தட்டு

மகப்பேற்றுக்குப் பின் பெறப்பட்ட நஞ்சுக்கொடியின் செல்களை ஐந்து தட்டுகளில் வளர்த்து, அவை சுரக்கும் கர்ப்பப் புரதத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் அளப்பது அவளுடைய பணி. ஒப்பீட்டுக்கென வைத்த ஆறாம் தட்டில் செல்கள் இல்லை. ஊட்டநீர் மட்டுமே உண்டு. அதன் அளவு பூஜ்யமாக இருத்தல் வேண்டும். திங்களன்று அது எட்டாக இருந்தது, புதனன்று பதினாறு, வெள்ளியன்று முப்பத்திரண்டு.

“காலித் தட்டு முழுகாம இருக்கு போல, அக்கா!” என்று சிரித்தான் உடன் பணிபுரிபவன். “மேடம்கிட்ட சொன்னேன். ஏதோ கலந்திருக்கும், கொட்டிட்டுப் புதுசா வைக்கச் சொன்னாங்க.”

அவள் கொட்டினாள். அன்று மாலை, பதினோர் ஆண்டுகளாக ஒருவருக்கு மட்டுமே சமைக்கப்படும் தன் வீட்டில், உண்ணாமலே படுத்துக்கொண்டாள்.

ஞாயிறன்று ஆய்வகத்தில் அவள் ஒருத்தியே இருந்தாள். புதிய புட்டியிலிருந்து ஊட்டநீர் வார்த்து வைத்திருந்த புதிய தட்டின் அளவு அறுபத்து நான்கு.

“ஆறாவதுல என்னக்கா வந்துச்சு?” என்று மறுநாள் கேட்டான் அவன்.

“ஒண்ணும் இல்லப்பா. பூஜ்யந்தான்.”

குறிப்பேட்டிலும் அவ்வாறே எழுதினாள். அளவுகளில் அவள் பொய் எழுதியது அதுவே முதன்முறை. பின்னர் அத்தட்டை இரு கைகளாலும் ஏந்திச் சென்று, தட்டுகளை உடற்சூட்டில் வைத்திருக்கும் வெதுப்புப் பெட்டியின் உட்கோடியில், கதவைத் திறக்கும்போது குளிர்காற்று படாத இடத்தில் வைத்தாள்.