என் கூடு எங்கே?

ஆய்வகத்து மேஜையில் கண் விழித்த பட்டுப்பூச்சி முதலில் தேடியது தன் கூட்டைத்தான். அவள் உறக்கத்தில் இருந்தபோதே ஆய்வாளர்கள் கூட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி அவளை வெளியே எடுத்துவிட்டு, அதைக் கரைத்துக் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வாக்கியிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு என் வீட்டைக் கரைச்சாங்க?" என்று சிறகடித்தாள்.

"நான்தான்டி உன் வீடு," என்றது பக்கத்துத் தட்டிலிருந்த சவ்வு. "ஒரு குழந்தை கையில கொதிக்கிற பால் கொட்டிருச்சாம். அங்கே தோல் வளரணும், அதுவரைக்கும் புண்ணைப் போர்த்திக் காக்க நான் போறேன்."

"அதெல்லாம் தெரியாது. நான் நூற்ற நூல், திருப்பிக் கொடு!"

"வெட்டாம விட்டிருந்தா நீயே என்னைக் கிழிச்சுக்கிட்டுத்தானே வந்திருப்ப?"

"என் வீடு, நான் கிழிப்பேன்! அவங்க யாரு?" சொல்லும்போதே குரல் தாழ்ந்தது. "உள்ளே எவ்வளவு கதகதப்பா இருந்துச்சு..."

"ஆமா. புழுத்தோலைக் கழற்றிப் போட்டுட்டுப் புதுத்தோலோட என் மடியிலதான் கிடந்த."

இடுக்கி ஒன்று வந்து சவ்வைத் தூக்கியது. அவள் மேஜை விளிம்புவரை ஓடினாள்.

"ஏய்! புதுத்தோல் வரும்போது அரிக்கும், சொறியக் கூடாதுன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லு! எனக்கும் அரிச்சுது!"