எந்தச் சிவப்பு?

கல்முனை பஜாரில் இன்று அமைதியின் விலை நூற்றைம்பது ரூபாய். "அரைவிலை! அள்ளிச் செல்லுங்கள்!" என்று தன் புடவைக் கடைக்காகக் கத்துவதற்கு ஜவுபர் அந்தத் தொகைக்கு வாடகைக்குப் பிடித்த ஒலிபெருக்கிக் கார், அவரே கைகாட்டியதும் வாயை மூடிக்கொண்டு வாசலில் நிற்கிறது. எதிர்க்கடையில் குடை விற்கும் நானும் விலை பேசுவதை மறந்து பார்க்கிறேன். உள்ளே, பார்வை போன அன்னப்பிள்ளை மகளின் கலியாணச் சேலையை விரல்களால் தடவுகிறாள். "சிவப்பு அம்மா," என்கிறாள் மகள். "எந்தச் சிவப்பு புள்ள? நீ என்னத்த உடுக்கிறாய் எண்டு எனக்கும் தெரியவேணும்." மகள் ஜவுபரைப் பார்க்கிறாள். ஜவுபர் பாயில் குந்துகிறார். "கண் போக முந்தி நீங்க ஆசையாப் பாத்த சிவப்பு என்னக்கா? செல்லுங்க." "விடியக்குள்ள கடலுக்குள்ளால எழும்புற சூரியன், தம்பி." "அப்ப இது வேணாம், இது மிளகாய்ப்பழம்," என்று விலை கூடிய சேலையைத் தள்ளிவிட்டு, அடித்தட்டிலிருந்து வேறொன்றை உருவி அவள் மடியில் விரிக்கிறார். "இப்ப பாதிச் சூரியன் மேல வந்திட்டு. கரையில இரிக்கிற சரிகை, தண்ணியில உழுந்த வெளிச்சம்." அன்னப்பிள்ளை குனிந்து மடியைப் பார்க்கிறாள். வல்லாஹி, அல்லாஹ்மேல் ஆணை, பார்க்கிறாள். சரிகையின் மினுக்கம் அவள் தாடையில் ஆடுகிறது. தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட அடிக்கவில்லை. "ஓம், இதுதான்," என்கிறாள். முந்தானை முடிச்சு அவிழ்கிறது. எழுநூறு ரூபாய்ச் சேலைக்கு ஐம்பது குறைகிறது. "மிச்சத்துக்கு என்ன செய்யிற தம்பி?" "கலியாணத்துக்கு வாற சனத்துக்கிட்ட நிறத்தக் கேளுங்கக்கா. நான் செல்லினது பொய்யெண்டா தரவேணாம்." ஜவுபர் பற்றுச்சீட்டில் எழுதுகிறார்: வரவு அறுநூற்றைம்பது, பாக்கி ஐம்பது, சனம் பார்த்துச் சொன்ன பிறகு.