சுவாதீனம்

“குடியிருக்கறவர் மேல இரக்கப்பட்டா வீடு வாங்காதீங்க. வீடு வாங்கணும்னா இரக்கப்படாதீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றார் வக்கீல்.

என் கணவருக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்கும்தான்.

எங்கள் நிலைமை அப்படி. இருக்கிற வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. எனக்கோ மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு சட்டிபானை தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைய முடியுமா? அந்த நேரத்தில் அமைந்த வீடு இது. அந்தப் பக்கத்திலேயே நல்ல வக்கீல் யாராவது உண்டா என்று தெருமுனை மருந்துக்கடையில் விசாரித்தோம்.

“ஒருத்தர் இருக்கார். கடைத்தெரு மாடியில ஆபீஸ். இங்க உள்ள வீடுகளோட பூர்வீகமெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாய் மட்டும் கொஞ்சம் காரம்” என்றார் கடைக்காரர்.

கொஞ்சம் என்று அவர் சொன்னது பெரிய மனசு.

முதல் நாளே நான், “தாய்ப்பத்திரம்னா என்ன சார்?” என்று வாயைக் கொடுத்தேன்.

“விக்கிறவர் கைக்கு இந்த வீடு எப்படி வந்துச்சுன்னு சொல்ற பழைய பத்திரம். பிள்ளை யாரோடதுன்னு பெத்தவளைத்தானே கேக்கணும்?”

“வில்லங்கம்?”

“வீட்டு மேல ஏற்கெனவே ஏறி உக்காந்திருக்கற அடமானம், வழக்கு, இதெல்லாம். இந்த வீட்டுல அது ஒண்ணும் இல்ல. ஆனா மழை பெஞ்சா பின்பக்கச் சுவர்ல ஈரம் இறங்கும். சரிபண்ணிக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு விக்கிறவர்கிட்ட கறாரா சொல்லிடுங்க.”

“அதுக்குள்ள நேர்ல போய்ப் பார்த்துட்டீங்களா சார்?” கணவர் அசந்துபோனார்.

“பார்க்காம எப்படிச் சொல்றது?”

இப்படியும் ஒரு வக்கீலா என்று இருந்தது எங்களுக்கு. அடுத்து சுவாதீனத்துக்கு வந்தார். அங்கேதான் எல்லாம் கசந்தது.

“பத்திரம் உங்க பேருக்கு மாறினா மட்டும் போதாது. ஆளு யாரும் இல்லாம, வீடு காலியா, சாவி உங்க கைக்கு வரணும். அதுக்குப் பேர்தான் சுவாதீனம். பதிவுக்கு முன்னாடியே குடியிருக்கறவர் வெளிய போயிடணும்னு ஒப்பந்தத்துல எழுதறேன்.”

வீடு பார்க்கப் போனபோது முன்னறைக் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். ஒரு பக்கம் கைகால் வராது. அவர் பிடித்துக்கொண்டு நடக்கச் சுவரோரமாக நீளத்துக்கு மரக் கைப்பிடி அடித்திருந்தார்கள். மகன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார் என்று பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா சொன்னாள். பெரியவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு வாயெல்லாம் சிரித்தார்.

“பாவம் சார் அந்தப் பெரியவர். கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் கணவர்.

அதற்குத்தான் இரக்கப்படாதீங்க என்ற அந்தப் பேச்சு. அதோடு விடவில்லை.

“கொஞ்ச நாள்ங்கறது சட்டத்துல இல்லாத வார்த்தை. உங்க குழந்தையைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கோன்னு சொன்னா கேக்குமா?”

“அவர் போக மாட்டேன்னு கோர்ட்டுக்குப் போனா?” நான் கேட்டேன்.

“போகலாம். ரொம்ப வருஷமா இருக்கார். அவர் பக்கம் எல்லாம் ஒழுங்கா இருக்கு. நெனைச்சா உங்க பிள்ளை பள்ளிக்கூடம் போற வரைக்கும் இழுத்தடிக்கலாம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா கோர்ட்டுக்குப் போக மாட்டார்.”

“எப்படிச் சார் அவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

“அதை நான் பார்த்துக்கறேன்.”

வெளியே வந்ததும் கணவர் பொரிந்து தள்ளினார். “மிரட்டித்தான் காலி பண்ண வைக்கப்போறார், பாரு. சட்டம் தெரிஞ்ச மனுஷனுக்கு ஈவிரக்கம் தெரியல.”

“அவரோட அப்பா இப்படிப் படுத்திருந்தா தெரியும்” என்றேன் நான்.

“வேற வக்கீல் பார்ப்போமா?”

“வேணாங்க. நமக்கு வீடு வேணும்.”

அதையும் நான்தான் சொன்னேன்.

விற்கிறவர் வெளியூரில் இருந்தார். சாவியை வீட்டிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். பதிவுக்கு முதல் நாள் போனோம். வாசலில் ஒரு வண்டி நின்றது. கட்டில், பாத்திரம், கட்டுக்கட்டாகப் புத்தகம் என்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களால்தானே என்று எனக்குத் தலைநிமிர முடியவில்லை.

பெரியவரை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். முன்னால் பிடித்திருந்தவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, படியைக் காலால் துழாவித் துழாவிப் பின்பக்கமாக இறங்கினார்.

“பயப்படாதீங்கப்பா. நான் பிடிச்சிருக்கேன்.”

தெரிந்த குரல். காரம் மட்டும் இல்லை.

நாற்காலியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார் வக்கீல்.

வில்லங்கம் இருக்கு என்று அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் நாங்கள் இந்த வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டோம். இப்படியும் ஒரு மனுஷனா என்று இருந்தது.

“சார்... ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?” என்றார் கணவர்.

“நீங்க தேடி வந்தது வக்கீலை. குடியிருக்கறவரை இல்லையே.”

பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“சுவர்ல இருக்கற கைப்பிடியை மட்டும் கழட்டல. அப்பாதான் வேணாம்னுட்டார். பிரசவம் ஆகி வந்தா, அந்தப் பொண்ணுக்குக் கொஞ்ச நாள் பிடிச்சு நடக்கத் தோதா இருக்கும்னார்.”