கடைசி விசா

லெப்பைக்குடிக்காட்டு அன்சார் மூன்று வருடமாக ஒரே யோசனையில் இருந்தார். சைக்கிளிலேயே ஆசியாவைக் கடந்து, ஐரோப்பா வழியாக மொராக்கோ வரை போய்வர வேண்டும். துபாய் ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருடம் நின்றே ஓய்ந்து வந்தவருக்கு வேறு ஆசை இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் விசா கேட்டு எழுதியே அலுத்துப்போனார். சில மாதங்களாக உடம்பும் அடித்துப்போட்டதுபோல் கிடந்தது.

கடைசி விசா வந்த அன்று, இதுவரை ஓட்டாமல் போர்த்தி வைத்திருந்த புது சைக்கிளை லோடு ஆட்டோவில் பெரம்பலூருக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் அய்யம்பெருமாள் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"டயர்ல நூல் தெரியுதே பாய். எவ்ளோ தூரம் போயிட்டு வந்தீங்க?"

"இன்னும் தெருவுலகூட ஓட்டலீங்க."

அய்யம்பெருமாள் சிரித்தபடி, செயினில் அப்பியிருந்த செம்மணலைத் துணியால் வழித்துக் காட்டினார்.

டயரை மாற்றிக்கொண்டு வீடு திரும்பிய அன்சார், மனைவி நஜ்முன்னிசாவிடம் நடந்ததைச் சொன்னார். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அவ்ளோ தூரம் ஓட்டுனா தேயாதா? இந்தத் தடவையாச்சும் சீக்கிரம் வந்துடுங்க. போன தடவ இனாயா பரீட்சை எழுதுனப்பகூட நீங்க இல்ல."

அன்சார் மகளைக் கூப்பிட்டார். "நான் எங்கம்மா போயிருந்தேன்?"

"மொராக்கோவுக்குத்தான், அத்தா," என்றாள் இனாயா, புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

அன்சார் நாற்காலியில் சாய்ந்து கைகளை மடியில் போட்டார். இரண்டு உள்ளங்கைகளிலும், ஹேண்டில்பார் அழுந்தும் இடத்தில், தோல் தடித்துக் காய்த்துப்போயிருந்தது.