பன்னுவின் ஆட்டம்

மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தான் பிராங்கிளின். துறைமுக வேலை முடிந்து வந்த அசதியில் பாதித் தூக்கம். கொடியில் ஈரப் போர்வைகள் ராயபுரத்துக் கடல்காற்றில் எழும்பி எழும்பித் தணிந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்து உறுமல் கேட்டது.

"ஜூடி, ரெண்டு நாயும் அடிச்சிக்குது பாரு. பிரிச்சி வுடு," என்றான் கண்ணைத் திறக்காமல்.

"சண்டை இல்லய்யா, விளையாட்டு," என்றாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி. "பன்னு முன்னங்கால மடக்கி, பின்பக்கத்த தூக்கிகினு வாலாட்டுது. கடிக்கப் போற நாய் அப்டியா நிக்கும்?"

"பின்ன ஏன் உறுமுது?"

"உறுமிகினே தானா மல்லாக்கப் படுக்குது. பயந்த நாயா இருந்தா எழுந்ததும் ஓடிடும். இது மறுபடியும் வந்து வம்புக்கு இழுக்குது."

"அப்போ அன்னிக்கு அடிச்சிக்கினது?"

"அன்னிக்கும் இதே ஆட்டம்தான். சொன்னேன், நீ கேக்கல."

பிராங்கிளின் கண்ணைத் திறந்தான். காற்றில் போர்வை விலகியது.

அங்கே பன்னு மட்டும்தான் இருந்தது. காலி மூலையைப் பார்த்துக் குனிந்தது, உறுமியது, மல்லாந்து படுத்துக் கழுத்தைக் காட்டியபடி காத்திருந்தது.

மேஸ்திரி என்ற பெரிய நாய் பன்னுவைக் கடித்தே கொன்றுவிடும் என்று பயந்து, அதைப் போன வாரம் அத்திப்பட்டில் தோஸ்து வீட்டில் விட்டு வந்தவன் அவன்தான். தூக்கக் கலக்கத்தில் விட்டு வந்ததே மறந்துபோயிருந்தது.

"பைக் சாவி எங்க கீது?" என்று எழுந்தான்.

ஜூடி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினாள்.

"காலையிலேருந்து வெச்சிகினு கீறேன்."