சிவப்பு ரிப்பன்

"மூணு நாளாச்சுங்க. இன்னும் சிக்னல் வரலீங்களா?" என்றாள் ஜோதிமணி.

காளிதாஸ் உதட்டைப் பிதுக்கினான். மைசூரில் அவனுடைய சின்னக் கம்பெனி ஆறு வருஷம் உழைத்து அனுப்பிய முதல் செயற்கைக்கோள், மேலே போனதிலிருந்து வாயே திறக்கவில்லை.

"அச்சு அசலா அதே மாதிரி ஆபீஸ்ல ஒண்ணு இருக்குதுங்களே?"

"ஒத்திகை மாடலா? அது நல்லாப் பேசுது."

"பேட்டரிக்குப் பூட்டு மாதிரி ஒரு பின் இருக்கும், அதை உருவினாத்தான் உசிர் வரும்னீங்களே, மறந்துட்டீங்களோ?"

"பெட்டி கட்டறப்ப ரெண்டும் ஒரே மேசையில பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. என் கையாலதான் உருவினேன்."

"ஆமாங்க, சட்டைப் பையில இருந்துச்சு. சாமி படத்துக்கிட்ட வெச்சிருக்கேன்."

எடுத்துவந்து நீட்டினாள். பின்னில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனைத் திருப்பிப் பார்த்தான்.

அவன் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 'ஒத்திகை மாடல்.'